உதவி: வேக்ஸில் ஓடும் நிரல், பழைய யூனிக்ஸில் கோப்பின் கடைசியில் எழுத மாட்டேன் என்கிறது

மண்வெட்டி
அவசரம். பதிவேட்டில் வரி வரியாகச் சேர்க்கும் சின்ன சி நிரல் ஒன்றைப் பழைய யூனிக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வேக்ஸ் என்ற 32 பிட் எந்திரத்தில் ஒழுங்காக ஓடுகிறது. இங்கே பைட்டுகளை நகலெடுக்கும் பிகாப்பி, பூஜ்யமாக்கும் பிசீரோ இல்லை, அவற்றை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். கம்பைல் ஆகிறது, ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஆனால் கடைசியில் சேர வேண்டிய வரி முன்னால் போய் விழுந்து பழைய வரிகளை அழிக்கிறது. என்ன செய்வது?

நெய்தல்77
எந்தப் பழைய யூனிக்ஸ்? வி7-ஆ (ஏழாம் பதிப்பு), சிஸ்டம் த்ரீயா, 2.11 பிஎஸ்டியா? எந்த எந்திரம்? நிஜ வன்பொருளா, சிமுலேட்டரா? எழுதும் அந்த நான்கைந்து வரிகளையும் போடுங்கள்.

கோடன்
எனக்கு இது பைட் வரிசைப் பிரச்சினையாகத்தான் படுகிறது. பிடிபி-11 என்ற 16 பிட் எந்திரத்தில் லாங் எண்ணின் மேல் பாதிச் சொல் முதலில் இருக்கும், கீழ்ப் பாதி பிறகு வரும். வேக்ஸில் நேர்மாறு. வேக்ஸில் உருவாக்கிய கோப்பை அப்படியே கொண்டுவந்து, அதன் தலைப்பில் உள்ள ஆஃப்செட்டை (எத்தனையாவது பைட் என்ற எண்ணை) படித்தால் இரண்டு பாதியும் இடம் மாறிவிடும். கோப்பில் பைனரி எண் எதையாவது சேமிக்கிறீர்களா?

தேன்சிட்டு
பூஜ்ய பாயின்ட்டரை, அதாவது எதையும் சுட்டாத பாயின்ட்டரைப் பாருங்கள். வேக்ஸ் பிஎஸ்டியில் 0 முகவரியைப் படித்தால் சத்தமில்லாமல் 0 கிடைக்கும். அதை நம்பியே ஓடிய நிரல்கள் ஏராளம். சன் எந்திரத்துக்குக் கொண்டுபோனதும் வரிசையாகச் செத்து விழுந்தன.

நெய்தல்77
இவருடையது செத்து விழவில்லையே, தப்பான இடத்தில்தானே எழுதுகிறது? அவர் முதலில் எந்திரத்தைச் சொல்லட்டும்.

மண்வெட்டி
வி7, சிம்ஹெச் சிமுலேட்டரில் பிடிபி-11/45. கோப்பில் பைனரி எதுவும் இல்லை, வெறும் எழுத்துதான். கவனித்துப் பார்த்ததில் முதல் இரண்டு எழுத்து மட்டும் தப்பிக்கிறது, மூன்றாவதிலிருந்து மேலெழுதுகிறது. அந்த ஃபங்ஷனில் இன்னொரு லோக்கல் மாறி சேர்த்தால் சில சமயம் விழும் இடம் மாறுகிறது. கோப்பைத் திறந்து, எல்சீக்கால் கடைசிக்குப் போய் (2 என்றால் கடைசியிலிருந்து), எழுதுகிறேன். இதுதான் வரிசை:

எஃப்டி = ஓப்பன்(பெயர், 1);
எல்சீக்(எஃப்டி, 0, 2);
ரைட்(எஃப்டி, வரி, நீளம்);

பழுதுநீக்கி
எல்சீக் எதற்கு? ஓப்பனில், எப்போதும் கடைசியில் எழுதச் சொல்லும் அப்பெண்ட் கொடியைப் போட்டால் முடிந்ததே.

நெய்தல்77
வி7-இல் அந்தக் கொடியே கிடையாது. ஓப்பனுக்கு 0, 1, 2 மட்டும்தான்: படிக்க, எழுத, இரண்டுக்கும்.

மூத்தவன்
தம்பி, மூன்றாவது பைட் என்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. ஒரு நிரலை வேறு எந்திரத்துக்கு மாற்ற உட்காருபவர் முதலில் அங்கே இன்ட் எத்தனை பிட் என்று பார்க்க வேண்டும். இது அரிச்சுவடி.

எல்சீக்கின் இரண்டாவது அளபுரு லாங். வேக்ஸில் இன்ட்டும் லாங்கும் 32 பிட் என்பதால் வெறும் 0 போட்டாலும் தப்பிவிடும். பிடிபி-11-இல் இன்ட் 16 பிட், லாங் 32 பிட். நீங்கள் கொடுத்த 0 ஒரு 16 பிட் சொல்தான், எல்சீக் எடுத்துக்கொள்வதோ இரண்டு சொல். உங்கள் 0 மேல் பாதியாகிறது, அடுத்து நிற்கும் 2 கீழ்ப் பாதியாகிறது. ஆஃப்செட் 2 என்று ஆகிவிட்டது. முதல் இரண்டு எழுத்து தப்பியது அதனால்தான்.

எங்கிருந்து எண்ணுவது என்று சொல்லும் மூன்றாவது அளபுருவுக்கு நீங்கள் எதுவுமே கொடுக்கவில்லை என்றுதான் இப்போது கணக்கு. அளபுருக்களை வைக்கும் ஸ்டேக்கில் பக்கத்தில் எது கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. லோக்கல் மாறி சேர்த்ததும் நடத்தை மாறுவது இதனால். வி7 கர்னல் அந்த இடத்தில் 1, 2 தவிர வேறு எது வந்தாலும் பிழை சொல்லாது, கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணிவிடும்.

0 என்பதை 0எல் (லாங் வகை 0) என்று மாற்றுங்கள். அந்தக் காலச் சி-யில் அளபுரு வகைகளை முன்கூட்டி அறிவிக்கும் ப்ரோட்டோடைப் இல்லை, கம்பைலர் இதைப் பார்க்கவே பார்க்காது. ஆகவே நிரலைச் சோதித்துப் பிழை காட்டும் லின்ட் ஓட்டுங்கள், வி7-உடனேயே வருகிறது. லின்ட்டை எழுதிய ஸ்டீவ் ஜான்சனும் சி-யை உருவாக்கிய டெனிஸ் ரிட்சியும் யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் எந்திரத்துக்குக் கொண்டுபோன காலத்தில் இந்த மாதிரிப் பிழைகளைப் பிடிக்கத்தான் லின்ட்டை நம்பினார்கள். 1978-இல் எழுதிய கட்டுரையில் அதை விளக்கியும் இருக்கிறார்கள்.

பழுதுநீக்கி
சரி, ஆனால் வேக்ஸ் பதிப்பை ஏன் தொட வேண்டும்? பிடிபி-11 என்றால் 0எல், இல்லாவிட்டால் 0 என்று, எந்திரத்துக்கேற்ப வரியைத் தேர்ந்தெடுக்கும் ஒரு இஃப்டெஃப் போட்டால் போதும்.

தேன்சிட்டு
வேண்டவே வேண்டாம். 0எல் வேக்ஸிலும் சரிதான். இரண்டு இடத்திலும் சரியாக இருக்கும் ஒரே வரியை ஏன் இரண்டாகப் பிளக்க வேண்டும்? இப்படி வளர்ந்த இஃப்டெஃப் காடுகளில் எந்த வரி உண்மையில் கம்பைல் ஆகிறது என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும்.

பழுதுநீக்கி
டெர்மினல் பகுதிக்கு என்ன செய்வீர்கள்? டெர்மினலைக் கட்டுப்படுத்தும் இடைமுகம் வி7-க்கும் பிஎஸ்டிக்கும் எஸ்ஜிடிடிஒய், சிஸ்டம் த்ரீ, சிஸ்டம் ஃபைவுக்கு டெர்மியோ, போசிக்ஸுக்கு டெர்மியோஸ். அங்கே இஃப்டெஃப் இல்லாமல் எப்படி?

தேன்சிட்டு
அதைத் தனிக் கோப்பில் வையுங்கள், ஒவ்வொரு வகைக்கும் ஒன்று. நிரலின் நடுவில் தூவாதீர்கள். இன்னொன்று, பிஎஸ்டி என்ற பெயரைச் சோதித்தால் 2.11 பிஎஸ்டியும் அதில் அடங்கும், அங்கேயும் இன்ட் 16 பிட்தான். சோதிக்க வேண்டியது வசதியை, அமைப்பின் பெயரை அல்ல. ஆர்என் செய்தி வாசிப்பானுக்கு லாரி வால் எழுதிய, கம்பைலுக்கு முன் வசதிகளைச் சோதிக்கும் கான்ஃபிகர், 1991-இல் வந்த ஆட்டோகான்ஃப், இரண்டும் அந்த வழியில்தான் போயின.

கோடன்
16 பிட் பிடிபியோடு முடிவதில்லை. 68000 சில்லுக்கான சில கம்பைலர்களில் இன்ட் 16, பாயின்ட்டர் 32. வேறு நிரலை ஓட்டும் எக்ஸெக்எல்லின் அளபுருப் பட்டியல் முடிவில் வெறும் 0 போட்டால் அங்கேயும் இதே கதைதான். பைட் வரிசையையும் மறக்காதீர்கள், பைனரி கோப்பு வரும்போது அது நிச்சயம் கடிக்கும்.

பழுதுநீக்கி
தனிக் கோப்பு என்றால் ஒரே திருத்தத்தை மூன்று இடத்தில் செய்ய வேண்டும். பராமரித்துப் பார்த்தவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

மூத்தவன்
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். கேட்டவருக்கு வேலை முடிந்ததா?

மண்வெட்டி
0எல் வேலை செய்கிறது, நன்றி. லின்ட் வேறு சில எல்சீக்குகளையும், லாங் எண்ணை இன்ட் என்று நினைத்த இடங்களையும் காட்டியது, திருத்திவிட்டேன். அடுத்து டைரக்டரி படிக்கும் பகுதி. ஓப்பன்டிர் இல்லை என்கிறது.

நெய்தல்77
அது 1983-இல் 4.2 பிஎஸ்டியோடு வந்தது, வி7 1979. இங்கே டைரக்டரியைச் சாதாரணக் கோப்பாகத் திறந்து 16 பைட் 16 பைட்டாகப் படியுங்கள்: முதல் 2 பைட் ஐநோட் எண் (கோப்பின் அடையாள எண்), மீதி 14 பெயர். ஐநோட் 0 என்றால் அழிக்கப்பட்ட இடம், தாண்டிவிடுங்கள். பெயர் சரியாக 14 எழுத்து இருந்தால் முடிவைக் காட்டும் நல் (0 பைட்) இருக்காது, ஆகவே ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களுக்கு நேராகக் கொடுக்காமல் 15 பைட் இடத்துக்கு நகலெடுத்து, கடைசியில் நீங்களே 0 போடுங்கள்.