முக்கோணம் கேட்டால் பாதி அறுகோணம் வருகிறது

செந்தூல், கோலாலம்பூர்:
போன வாரம் படிவம் 2-க்கு (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு) பல்கோணம். வெளிக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்று பலகையில் எழுதிவிட்டு நகர்வதுதான் என் வழக்கம். இந்த முறை, கட்டளைக் கட்டங்களைக் கோத்து நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில் சமபக்க முக்கோணம் வரையச் சொன்னேன். கணினி அறையில் பாதி கணினிக்கு உயிர் இல்லை, இருவர் இருவராக உட்கார்ந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் எழுதியது ஒன்றேதான்: மூன்று முறை, 100 படி நகர், 60 பாகை திரும்பு.

வந்தது முக்கோணம் இல்லை. மூன்று கோடுகள், மூடாமல், கிண்ணம் மாதிரி. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு சார்" என்றான் ஒருவன். ஒரு மாணவி 3-ஐ 6 ஆக்கினாள், அறுகோணமாக மூடிக்கொண்டது. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

திரையை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பையனைத் தரையில் முக்கோணமாக நடக்க விட்டேன். மூலைக்கு வந்து உடம்பைத் திருப்பியவன் நின்றுவிட்டான். "அறுபது இல்லை சார், இது ரொம்ப அதிகம்." உள்ளே 60, அவன் திரும்பியது 120. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவன் அவன். "அப்போ சுடுட் பெலுவாரான்னா நாம திரும்புற கோணமா சார்?" என்றான். வெளிக்கோணத்துக்கு மலாய்ப் பெயர் அது. இத்தனை வருஷமாக நான் பக்கத்தை நீட்டி வரைந்துதான் வெளிக்கோணத்தைக் காட்டியிருக்கிறேன். 1967-இல் உருவான லோகோ நிரல்மொழியையும், பின்னால் அதனோடு சேர்ந்த, சொன்னபடி நகர்ந்து கோடு வரையும் ஆமையையும் பயிற்சிக் கல்லூரியில் படித்தவன்தான் நான். அன்றைக்கு உறைக்கவில்லை.

அப்புறம் பக்க எண்ணிக்கைக்கு 'பக்கம்' என்று ஒரு மாறி (எண்ணை மாற்றி மாற்றிப் போடும் பெயர்) வைத்து, 360-ஐ அதனால் வகுத்தார்கள். ஒரே நிரலில் எல்லாப் பல்கோணமும் வந்தது. ஏழு பக்கத்துக்கு 51.42 பாகை சொச்சம், பாகைமானியில் அதை யார் வரைவது?

பட்டர்வொர்த், பினாங்கு:
எனக்கு விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) நடந்தது சார். பின்னம் கூட்டலாம் என்று 1/2 அடிக்கச் சொன்னேன், பிப்ரவரி முதல் தேதி வந்தது. 3/4 போட்டவனுக்கு ஏப்ரல்! வகுப்பு முழுக்கக் காலண்டர். முன்னால் சமக்குறி போட வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போனது. நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் கஷ்டம்.

கணினிச் சிந்தனை, அதாவது சிக்கலைப் பிரித்துப் படிப்படியாக யோசிப்பது, 2017-இல் கேஎஸ்எஸ்எம் என்ற இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தோடு வந்ததிலிருந்து எத்தனையோ பட்டறைக்குப் போய்விட்டேன். பகுத்தல், பொதுமையாக்கல், படிமுறை என்று பெட்டி பெட்டியாக ஸ்லைடு காட்டுவார்கள். தப்பாக வந்த விடையோடு பிள்ளைகளை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்று எவரும் சொல்லித் தந்ததில்லை.

செந்தூல், கோலாலம்பூர்:
உண்மைதான் டீச்சர். எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. விளையாட்டாக 144 பாகை, ஐந்து முறை என்று போட்ட ஒருத்திக்கு நட்சத்திரம் வந்துவிட்டது. ஐந்து 144 சேர்ந்தால் 720. "360 தானே வரணும் சார்?" என்று கேட்டாள், மணி அடித்துவிட்டது. நேற்று அவளே வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "வீட்டு வரவேற்பறையில நடந்து பார்த்தேன் சார். ரெண்டு சுத்து சுத்துது."