கெரியர் கோச்சுக்குப் பணம் கட்டலாமா?

வயசு 36, டிப்ளமோ மெக்கானிக்கல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 11 வருஷமா குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரகடம் பக்கம் சப்ளையர் குவாலிட்டி (சப்ளையர்கள் அனுப்பற பாகங்களோட தரத்தைப் பார்த்துக்கற) வேலைக்கு மாறப் பார்க்கிறேன்.

ஜனவரியிலிருந்து நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் 60 விண்ணப்பம் போட்டாச்சு. ரெஸ்யூமை மூணு தடவை மாத்தினேன், பழைய சகாக்கள்கிட்ட ரெஃபரல் கேட்டேன். நாலு இன்டர்வியூதான் வந்தது. பிபிஏபி (பாகத்துக்கு கஸ்டமர் ஒப்புதல் வாங்கற நடைமுறை), எஸ்பிசி (புள்ளிவிவரம் வெச்சு உற்பத்தியைக் கண்காணிக்கறது) எல்லாம் தினமும் கையால செய்யற வேலை. ஆனா ‘உங்களைப் பத்தி சொல்லுங்க’ன்னதும் நாக்கு ஒட்டிக்குது. மூணு மாச நோட்டீஸ் பீரியட் வேற.

அண்ணா நகரில் ஒரு கெரியர் கோச் ஆறு அமர்வுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். வேலை வாங்கித் தர மாட்டாராம். ரெஸ்யூம், மாதிரி இன்டர்வியூ, சம்பளப் பேச்சு மட்டும்தானாம். அந்த நேர்மை பிடிச்சிருக்கு, தொகைதான் இடிக்குது.

ஃபேக்டரி வேலையிலிருந்து கோச்சிங் எடுத்து மாறினவங்க யாராவது, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட என்ன கேட்கணும்னு சொல்ல முடியுமா?