நெட் போனால் வார்டு டிவி போகுமா, போகாதா?

கேபிள்_மாமா (செந்தூல், கோலாலம்பூர்)
நேற்று பாகான்_டாலாம் எழுதியது இது: "ஆஸ்பத்திரியில் இன்டர்நெட் டிவி வைப்பது காசைக் கரியாக்கும் வேலை. நெட் போனால் நோயாளி கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. 17 வருஷமாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்குத்தான் வயர் இழுக்கிறேன். நோய் விளக்கப் படங்கள் இருக்கும் சர்வர் மருத்துவமனைக்குள்ளேயே ஏசி அறையில் இருக்கும். வெளியே நெட் செத்தாலும் அது ஓடும். சேனல்களுக்குக் கூரையில் டிஷ். ஐபி டிவி என்றால் கட்டடத்தின் உள் நெட்வொர்க் வயரில் ஓடும் டிவி, யூடியூப் இல்லை, தம்பி.

பாகான்_டாலாம்
தம்பியா? எனக்கு 52 வயது. அம்மா போன மாதம் பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். இரண்டாம் நாள் மாலை ஆறரைக்குத் திரை நீலமாகி 'சிக்னல் இல்லை' என்றது. இரவு பத்து வரை அதே நீலம். சீரியல் போச்சு. தாதியைக் கேட்டால் "லைன் பிராப்ளம் லா" என்கிறார். லைன் என்றால் நெட்தானே?

கேபிள்_மாமா
நீலமா? நேற்று கறுப்பு என்றீர்கள். முதலில் ஒரு நிறத்தில் நில்லுங்கள். 'சிக்னல் இல்லை' என்று டிவியே சொன்னால் பின்னால் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் இல்லை, அல்லது பெட்டியிலிருந்து டிவிக்குப் படம் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வயர் கழன்றிருக்கிறது. கட்டிலை நகர்த்தும்போது இடித்திருப்பார்கள். நெட் போனால் பெட்டிதான் பிழைச் செய்தி காட்டும், அதுவும் நீலத்தில் இல்லை.

இனிப்புநீர்_அக்கா (பிரிக்பீல்ட்ஸ்)
நிறத்தை விடுங்கள். அதில் என்ன ஓடுகிறது? 2023 தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். போன வாரம் ஒரு பாட்டி இன்சுலின் பேனா படத்தை மூன்று முறை பார்த்தார். குரல் மலாய். பேனாவை வயிற்றில் குத்தினார், பொறுமையாகப் பத்து எண்ணினார், எடுத்துவிட்டார். பட்டனை அழுத்தவே இல்லை! மருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அழுத்திவிட்டு எண்ண வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு வரி சொன்னால் போதாதா?

தூய_தமிழ்
அக்கா, இனிப்புநீர் இல்லை. நீரிழிவு.

இனிப்புநீர்_அக்கா
என் தாத்தா தோட்டத்தில் சொன்ன சொல் அது. நீரிழிவு என்றால் அந்தப் பாட்டி "நீர்க்கடுப்பா?" என்று கேட்பார். ஊசி போட்டுவிட நீங்கள் வருகிறீர்களா?

தூய_தமிழ்
தவறு தவறுதான். தாத்தா சொன்னாலும்.

கேபிள்_மாமா
தமிழ்க் குரல் சுலபம், அதே படத்தில் இன்னொரு ஆடியோ டிராக், அவ்வளவுதான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 40 கட்டிலில் ஒரே சேனலைப் பார்த்தாலும் சர்வரிலிருந்து ஒரே ஓட்டம்தான் (ஸ்ட்ரீம்) கிளம்பும், வழியில் நெட்வொர்க் ஸ்விட்ச் நகல் எடுத்துக் கொடுக்கும். ஆளுக்கு ஆள் வேறு படம் கேட்டால்தான் 40 ஓட்டம். இதெல்லாம் தெரியாமல் கரி என்கிறார். அதிருக்கட்டும், நீலமா கறுப்பா?

பாகான்_டாலாம்
கூரையில் டிஷ் என்று பெருமை அடித்தீர்களே, மழை பெய்தால்? செந்தூலில் மழையே கிடையாதா?

கேபிள்_மாமா
பெரிய டிஷ் வைத்தால் தாங்கும்.

பாகான்_டாலாம்
'தாங்கும்'. 2010-இல் இன்டர்நெட் வழி ஹைப் டிவி வந்தபோது "இனி டிஷ் டிவி ஆஸ்ட்ரோவுக்கு மூடுவிழாதான்" என்று அடித்துச் சொன்னது யார்? ஆஸ்ட்ரோ இருக்கிறது. ஹைப் டிவிதான் பெயர் மாறி யூனிஃபை டிவி ஆனது. கேஎல்காரர்களுக்கு எல்லாம் தெரியும், நடந்தது மட்டும் தெரியாது.

கேபிள்_மாமா
பழைய கதையைத் தோண்டுபவர் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். 17 வருஷத்தில் நெட் போய் நீலத்திரை வந்ததை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஒரு முறைகூட. நீலம் என்றால் வயர். கறுப்பு என்றால் நீங்கள் ரிமோட்டில் ஆஃப் செய்திருப்பீர்கள்.

இனிப்புநீர்_அக்கா
அந்த ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ஆள் மாறும்போது துடைக்கிறார்களா? அதையாவது யாராவது பேசுங்களேன்.

தூய_தமிழ்
ரிமோட் இல்லை. தொலையியக்கி.

பாகான்_டாலாம்
இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். பச்சை என்கிறார்.

கேபிள்_மாமா
பச்சையா! அப்போ சத்தியமாக எச்டிஎம்ஐ வயர்தான். நான் காலையிலேயே சொன்னேன். டிவி மாடல் என்ன?