டைவிங் போட்டில் வேலை செய்கிற ஆக்களுக்கு எவ்வளவு கொடுப்பது?

கல்லடிப் பொடியன் கேட்டது:

அண்ணன்மார், நானாமார், தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கனடாவில் இருக்கும் என் மச்சான் ஆடி மாதம் ஊருக்கு வருகிறான், கூட இரண்டு கூட்டாளிமார், மூன்று பேரும் அங்கேயே டைவிங் படித்துச் சான்றிதழ் எடுத்தவர்கள். மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவில் ஒரு நாள், கல்லடியில் ஒரு நாள் என்று போட் பேசித் தரச் சொன்னான், பேசிவிட்டேன். இப்போது போட்டில் வருகிற ஆக்களுக்கு டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கிறான், அதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கரீபியன் பக்கம் போனபோது ஒரு காற்றுச் சிலிண்டருக்கு, அதாவது ஒரு தரம் இறங்குவதற்கு, 5 டொலர், 10 டொலர் என்று கணக்கு வைத்துக் கொடுத்தானாம். ஜப்பானுக்குப் போய் வந்த கூட்டாளி, அங்கே யாரும் அப்படிக் கொடுப்பதே இல்லை என்கிறான். நம்முடைய பக்கம் என்ன வழக்கம்? யார் கையில் கொடுப்பது? நானும் கூடப் போகிறேன், தண்ணீருக்குள் இறங்க மாட்டேன், போட்டிலேயே இருப்பேன். ஊர்க்காரனான நானும் ஏதாவது கொடுக்க வேண்டுமா? ஒன்றும் கொடுக்காமல் வந்துவிட்டு நாளைக்குச் சந்தையில் அதே ஆக்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட முடியாது, அதே நேரம் அள்ளிக் கொடுத்து வழக்கத்தைக் கெடுத்தான் என்ற பேச்சும் வேண்டாம்.

வாழைச்சேனைக்காரன்:

கட்டாயம் என்று ஒன்றும் இல்லை தம்பி, ஆனால் கொடுங்கள். கொடுப்பதற்கு முதல், போட்டில் யார் என்ன வேலை செய்கிறார் என்று ஒருதரம் நின்று பாருங்கள், அப்போது யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி தானாகத் தீர்ந்துவிடும். கூட இறங்கி வழிகாட்டுகிறவரை எல்லோருக்கும் தெரியும், அவரோடுதான் படம் எடுப்பார்கள், அவருக்குத்தான் நன்றி சொல்வார்கள். எஞ்சின் பிடிக்கிறவரையும் சாமான் தூக்குகிற பொடியனையும் யாரும் கண்டுகொள்வதில்லை.

நம்முடைய கரையில் இறங்குதுறை எங்கே இருக்கிறது? பைபர் போட்டை மணலில் இருந்து தள்ளித்தான் இறக்க வேண்டும். காற்று நிரப்பிய சிலிண்டர் ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது, மூன்று பேரும் வழிகாட்டியும் ஆளுக்கு இரண்டு தரம் இறங்கினால் எட்டு சிலிண்டர், அதோடு ஆள் மிதக்காமல் இறங்க இடுப்பில் கட்டுகிற ஈயப்பட்டி, உடுப்பு, காலில் போடுகிற பிளிப்பர், தண்ணீர்க் கலன். இவ்வளவையும் தோளில் வைத்து மணலில் நடந்து, அலை உடைகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏற்றுகிறார்கள், திரும்பி வந்ததும் அதே மாதிரி இறக்கி, நல்ல தண்ணீரில் அலசி, அடுத்த நாளைக்குக் கொம்பிரசரில் காற்று நிரப்பி வைக்கிறார்கள்.

இன்னும் முக்கியமானது, நீங்கள் கீழே இருக்கிற நேரம். எஞ்சின் பிடிக்கிறவர் சும்மா சுருட்டுப் பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம், அவருடைய கண் முழுக்க மேலே வருகிற குமிழியில்தான் இருக்கும். ஆடி மாதம் கச்சான் காற்று எழும்பிவிட்டால் கடல் மேலெல்லாம் நுரை, அதற்குள் எது அலை நுரை, எது ஆளின் குமிழி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கச்சான் தரையில் இருந்து கடல் பக்கம் அடிக்கிற காற்று, தவறிப்போய் மேலே வந்த ஆளைக் கரையை விட்டுத் தூரத்தான் தள்ளும். உங்கள் மச்சான் ஒரு இடத்தில் இறங்கி இன்னொரு இடத்தில் தலை தூக்கும்போது போட் பக்கத்தில் நிற்கிறது என்றால் அது அந்த மனுசனின் கண். பிறகு பாருங்கள், முதலில் ஈயப்பட்டியை வாங்குவார்கள், அப்புறம் சிலிண்டரோடு ஜக்கெற், பிறகு பிளிப்பர், கடைசியாகத்தான் ஆளைத் தூக்கி எடுப்பார்கள், அதுவும் போட் ஆடுகிற ஆட்டத்தில்.

என் கணக்கு இது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர் ஒவ்வொருவரும் இரண்டு டைவ் போன நாளுக்கு 2000 முதல் 3000 ரூபாய், போட் ஆக்கள் எல்லோருக்கும் சேர்த்து. இங்கே உழைத்து இங்கே சாப்பிடுகிறவர் 500, 1000 கொடுத்தால் போதும், நீங்களும் அந்தக் கணக்குத்தான்.

அக்கரைப்பற்று நானா:

தம்பி வாழைச்சேனை சொன்ன உழைப்பில் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்புக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி. டிப்ஸ் வருகிறது என்று தெரிந்தால் நாட்கூலியை அப்படியே வைத்திருப்பார்கள், வருசம் வருசமாக ஏறாது. அறுகம்பையில் நான் பார்த்த இன்னொரு விசயமும் இருக்கிறது, டொலர் கொடுக்கிற கூட்டம் வந்தால் பொடியன்மார் முதலில் அங்கே ஓடுகிறார்கள், பிள்ளைகளோடு வந்த நம்முடைய குடும்பம் வெயிலில் நிற்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனாலும் வழக்கம் என்று ஒன்று பிடித்துவிட்டால் கொடுக்க முடியாதவன் அந்தப் பக்கமே வர மாட்டான். நம்முடைய பிள்ளைகள் நம்முடைய கடலுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் நான் சொல்வது, போட் பேசும்போதே கேளுங்கள், இதில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, போட்காரருக்கு நாளுக்கு எவ்வளவு என்று. ஹோட்டல் பில்லில் 10% போட்டுவிட்டு டைவிங்கையும் அதே பில்லில் சேர்க்கிற இடங்களும் உண்டு. கேட்பதில் வெட்கம் என்ன? நாலு பேர் கேட்டால் முதலாளியும் யோசிப்பார். அப்புறம் பில்லில் இத்தனை வீதம் என்று டிப்ஸ் கொடுக்கிற கணக்கு நமக்குச் சரிவராது. போட் காசில் பெரிய பங்கு எண்ணெய்க்குப் போகிறது, எண்ணெய் விலை ஏறினால் டிப்ஸும் ஏறுவது என்ன நியாயம்? ஆளையும் வேலையையும் பார்த்துக் கொடுங்கள்.

எஞ்சின் பிடிக்கிற தம்பி:

நான் இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் எழுதுகிறேன். நானா சொன்னது சரி, சம்பளம் சரியாக இருந்தால் நாங்கள் யாருடைய கையையும் பார்க்க மாட்டோம். ஆனால் எங்களுக்குச் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிகிறது. வாடை தொடங்கினால் டைவிங் போட் இறங்காது. மாரியில் சிலர் வாவியில் வலை வீசுவார்கள், சிலர் வயல் வேலைக்குப் போவார்கள், சிலருக்கு ஒன்றுமே கிடைக்காது. சீசனில் சேர்கிற டிப்ஸ் அந்த மாதங்களில் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் போகிறது.

கொடுக்கிறவர்களுக்குச் சில விசயம் சொல்ல வேண்டும். ரூபாயாகக் கொடுங்கள். யூரோக் குத்திக்காசை பாங்கில் மாற்ற முடியாது, கிழிந்த டொலர் நோட்டையும் வாங்க மாட்டார்கள், எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய அப்படிக் கிடக்கிறது. கார்ட்டில் பில் கட்டும்போது டிப்ஸையும் சேர்த்துப் போடாதீர்கள், நான் முதல் வேலை செய்த ஒரு இடத்தில் அப்படிப் போன காசு எங்கள் கைக்கு வரவே இல்லை. கரைக்கு வந்து சாமான் இறக்கி முடிந்த பிறகு, எல்லோரும் நிற்கும்போது, “இது உங்கள் எல்லோருக்கும்” என்று சொல்லி ஒருவரிடம் கொடுங்கள். அப்படிச் சொன்னால் பங்கு சரியாகப் பிரியும், சொல்லாமல் ஒருவரின் கையில் மட்டும் வைத்தால் பின்னேரம் எங்களுக்குள் மனத்தாங்கல்.

போவதற்கு முதல் கொடுக்க வேண்டாம், இதை மட்டும் கும்பிட்டுக் கேட்கிறேன். சிலர் காலையிலேயே பெரிய நோட்டைக் கையில் வைத்துவிட்டு, ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள். அது இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், 53 மீற்றரில் கிடக்கிறது. சாதாரண டைவிங் படிப்பின் முதல் சான்றிதழ் 18 மீற்றருக்கு, அடுத்தது 30 மீற்றருக்கு, பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40 மீற்றர்தான். ஹேர்மிஸுக்கு வேறு படிப்பு, வேறு காற்றுக் கலவை வேண்டும், மேலே வரும்போது நடுத்தண்ணீரில் நிறைய நேரம் நின்று நின்றுதான் வர வேண்டும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு அது தாண்டபோது 307 பேர் செத்தார்கள், அவர்களுக்கு அது கல்லறை. அதில் இருந்து ஒரு துண்டு இரும்பு எடுத்துத் தா, காசு தருகிறேன் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம். உங்கள் மச்சான் ஆக்களுக்குப் பிரிட்டிஷ் சார்ஜன்ட் போதும், அதே நாளில் தாண்ட எண்ணெய்க் கப்பல், ஆழம் குறைவு, மீன் கூட்டத்துக்குக் குறைவில்லை.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:

நான் இங்கேதான் டைவிங் படித்தேன். எல்லோரும் நல்லாகப் போன நாளைப் பற்றியே எழுதுகிறீர்கள். போட் பாதியில் திரும்பின நாளுக்கு என்ன செய்வது? பாதித் தூரம் போன பிறகு காற்றைப் பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்று எஞ்சின் பிடிக்கிறவர் திருப்பினால் நிறையப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் போவார்கள், டிப்ஸ் என்ற பேச்சே இருக்காது. எனக்குக் கேட்டால் அன்றைக்குத்தான் கூடக் கொடுக்க வேண்டும். கையில் வருகிற காசை விட்டுவிட்டு ஆளைப் பத்திரமாகக் கரை சேர்க்கிறவரை நம்பித்தான் நாங்கள் அடுத்த நாள் இறங்குகிறோம். தம்பி, அப்படியான நாளில் உங்களுக்குச் சம்பளம் கிடைக்குமா?

எஞ்சின் பிடிக்கிற தம்பி:

அரைநாள் சம்பளம் ரீச்சர், சில இடத்தில் அதுவும் இல்லை. அன்றைக்கு 500 கொடுத்தாலும் எங்களுக்குப் பெரிய காசு. கல்லடித் தம்பி, மச்சான் ஆக்களைக் காலை ஆறு மணிக்கே கரைக்கு வரச் சொல்லுங்கள், கச்சான் எழும்ப முதல் இரண்டு டைவும் முடித்துவிடலாம்.