ஏற்காட்டில் ஹாம் செய்தேன், சாம்பல் நிறத்தில் வந்துவிட்டது: எங்கே தவறு?

மஞ்சக்குட்டை மருமகள்:
கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டார் 14 பேர் வருகிறார்கள். ஒத்திகையாக ஹாம் (உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வேகவைக்கும் பன்றித் தொடைக்கறி) செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

சேலத்தில் எலும்பு நீக்கிய பன்றித் தொடைக்கறி 2 கிலோ வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தேன். 2 லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, 300 கிராம் கல்லுப்பு, நாட்டுச் சர்க்கரை, கிராம்பு, எங்கள் தோட்டத்து மிளகு எல்லாம் போட்டேன். செய்முறையில் ‘பிங்க் சால்ட்’ என்றும் இருந்தது. வீட்டில் இருந்த இந்துப்பில் 2 தேக்கரண்டி சேர்த்தேன். 5 நாள் ஃபிரிட்ஜில் ஊறியது. மலைமேல் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், கறி வேகாது என்று மாமியார் சொன்னதால் குக்கரில் 10 விசில் விட்டேன்.

நூலை அவிழ்த்ததும் கறி நார் நாராகப் பிரிந்து விழுந்தது. உள்ளே ஈரச் சாம்பல் நிறம். ஓரத்தை வாயில் வைத்தால் கருவாடு தோற்றுவிடும். உயரம்தான் காரணமா? இதைச் சாப்பிடலாமா, தூக்கிப் போடுவதா?

அஸ்தம்பட்டி அடுப்படி:
முதலில் ஒன்று சொல்லுங்கள். ஊறிய 5 நாளில் மின்சாரம் எத்தனை மணி நேரம் போனது? கறியில் புளித்த வாடை, கொழகொழப்பு ஏதாவது உண்டா?

மஞ்சக்குட்டை மருமகள்:
மழையில் ஒரு நாள் இரவு 2 மணி நேரம் போனது. ஃபிரிட்ஜைத் திறக்கவே இல்லை. வாடை எதுவும் இல்லை.

அஸ்தம்பட்டி அடுப்படி:
அப்படியானால் சாப்பிடலாம், தூக்கிப் போட வேண்டாம். உப்பு ஏறிய ஓரத்தைச் சீவிவிட்டு, மீதியைப் பிய்த்து 1 மணி நேரம் தண்ணீரில் போட்டு, நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு உருளைக்கிழங்கோடு வதக்குங்கள். தேங்காய்ப் பல்லும் போடலாம். உப்பை மட்டும் தொடாதீர்கள்.

கிளப்புச் சமையலறையில் 31 ஆண்டு:
அம்மா, உயரத்தின்மேல் பழி போட வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியில் கொதிக்கும், அது உண்மை. ஆனால் ஹாமைக் கொதிக்கவே விடக்கூடாது. குக்கருக்குள் 110 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அந்தச் சூட்டில் சாறெல்லாம் வெளியே போய் நார்தான் மிஞ்சும்.

நிறம் போனதற்குக் காரணம் இந்துப்பு. அது பாறையில் வெட்டிய சாதாரண உப்பு, இயற்கையிலேயே அந்த நிறம். செய்முறையில் சொன்னது ‘க்யூரிங் சால்ட்’: உப்போடு 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்தது. சமையல் உப்பென்று யாரும் அள்ளிப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் அதற்கு ரோஸ் சாயம் போடுகிறார்கள். அந்தச் சாயமே உங்களைக் குழப்பிவிட்டது, பாருங்கள். தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமியோடு நைட்ரைட் சேர்ந்தால்தான் வெந்த பிறகும் ரோஸ் நிறம் நிற்கும். ஹாமின் தனி ருசியும் அதனால் வருவதுதான். பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியையும் அது தடுக்கும்.

இனி அளவு. கறியையும் தண்ணீரையும் சேர்த்தே எடை போடுங்கள். 2 கிலோ கறி, 1.5 லிட்டர் தண்ணீர் என்றால் 3.5 கிலோ. அதில் 2 சதவீதம் உப்பு, அதாவது 70 கிராம். 0.25 சதவீதம் க்யூரிங் சால்ட், ஏறக்குறைய 8.75 கிராம். இதைப் பொன் நிறுப்பதுபோல நிறுக்க வேண்டும், கரண்டிக் கணக்கு உதவாது. பொட்டலத்தில் 6.25 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கலப்பில்லாத நைட்ரைட் விஷம், அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. இந்தக் கணக்கில் ஊறினால், இரண்டு நாள் கூடினாலும் உப்பு கரிக்காது. 8 நாள் வையுங்கள், தினம் ஒரு முறை புரட்டுங்கள்.

நாகலூர் மிளகு:
ஃபிரிட்ஜில் இடம் இல்லையென்றால் கொல்லைப்புறத்தில் வைக்கலாமா ஐயா? டிசம்பரில் பல் கிட்டும் குளிர்தானே.

கிளப்புச் சமையலறையில் 31 ஆண்டு:
கூடவே கூடாது தம்பி. நமக்குப் பல் கிட்டும் குளிர் கிருமிக்கு இளவெயில். 4 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

வேகவைக்கும்போது தண்ணீர் 75 முதல் 80 டிகிரி வரை. பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் ஒட்டியிருக்கும், தளதளக்காது. கறியின் நடுவில் வெப்பமானி 68 காட்டியதும் இறக்கிவிடுங்கள். எனக்கு 2 கிலோவுக்கு இரண்டரை மணி நேரம்போல் ஆகும், ஆனாலும் வெப்பமானி சொல்வதைத்தான் கேட்பேன். அந்தத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் கிடக்கட்டும். கடைசியில் கமலா ஆரஞ்சுச் சாறு, வெல்லம், கொஞ்சம் அரைத்த கடுகு சேர்த்துக் கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முன்பே இறக்கி மேலே பூசி, சூடான ஓவனில் 15 நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், வெல்லம் சட்டென்று கருகிவிடும்.

மஞ்சக்குட்டை மருமகள்:
இரண்டாவது ஒத்திகை முடிந்தது. 8 நாள் ஊறவைத்து இன்று காலை வேகவைத்தேன். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே ஓரம் முதல் நடு வரை ஒரே ரோஸ் நிறம், உப்பும் அளவாக இருக்கிறது. ஆரஞ்சுப் பூச்சு ஒரு மூலையில் கருகிவிட்டது, நான்தான் போன் பேசப் போய்விட்டேன். மாமியார் ஒரு துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கேசரிப் பவுடர் போட்டாயா?” என்று கேட்டார்கள். பிறகு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.