ஒரு காது மட்டும் கேட்கும் மகளுக்கு எந்தக் கருவி சரிவரும்?

வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். மகள் மூன்றாம் வகுப்பு. போன வருஷம் பொன்னுக்கு வீங்கி வந்ததில் இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கிறது. "ஒரு காது போதும், சமாளிச்சுக்குவா" என்றார்கள், நானும் நம்பினேன்.

வீட்டில் ஒன்றும் தெரியாது. வகுப்பில்தான் சிக்கல். நாற்பது பிள்ளைகள், தலைக்கு மேல் கடகடவென்று மின்விசிறி. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி டிக்டேஷன் சொன்னால் பாதி வார்த்தை விட்டுப்போகிறது. கவனமில்லை என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். சாயங்காலம் வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறாள். 1980களில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு வகுப்பில் தங்கிப் படித்திருந்தார்களாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

செவித்திறன் நிபுணர் இரண்டு வழி சொன்னார். ஒன்று க்ராஸ் கருவி: இடது பக்கச் சத்தத்தை வலது காதுக்கு அனுப்பும். ஆனால் அந்தப் பக்கத்து இரைச்சலும் சேர்ந்தே வந்து நல்ல காதைக் குழப்பலாம். இன்னொன்று ரிமோட் மைக்: டீச்சர் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அவர் குரல் நேராக நல்ல காதுக்கு வரும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இரண்டிலும் தெரியாது. (ரோட்டைக் கடக்க நான்தான் கூட வேண்டும்!)

இப்போதைக்கு இடது காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோம்.

உங்கள் பிள்ளைகள் யாராவது இவற்றைப் பயன்படுத்துகிறார்களா? பள்ளியில் மைக் மாட்டச் சம்மதித்தார்களா? அப்புறம், புதுச்சேரியில் வாங்குமுன் சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.