ஏஜென்ட் ஒரே ஆளுக்கு 16 எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டது, ரேட் லிமிட் ஏன் தடுக்கவில்லை?

கேள்வி

வணக்கம். ஒரு ஜவுளிக் கடையின் ஆன்லைன் விற்பனைக்கு வாடிக்கையாளர் உதவி ஏஜென்ட் (ஏஐ மொழி மாடலை வைத்துத் தானே வேலை செய்யும் புரோகிராம்) செய்து கொடுத்திருக்கிறேன். அதன் கையில் மூன்று டூல்கள்: ஆர்டர் பார்ப்பது, எஸ்எம்எஸ் அனுப்புவது, ரீஃபண்ட் தருவது. மூன்றும் ஒரே எம்சிபி (மாடலை வெளி டூல்களோடு இணைக்கும் நெறிமுறை) சர்வரில் இருக்கின்றன. ஏபிஐ கீ (அழைப்பவர் யார் என்று சர்வருக்குக் காட்டும் குறியீடு) ஒன்றுக்கு நிமிடத்துக்கு 60 அழைப்பு என்று ரேட் லிமிட் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்கு மேல் ஒரு அம்மாவுக்கு "உங்கள் பார்சல் நாளை வந்து சேரும்" என்ற அதே செய்தி 16 முறை போயிருக்கிறது. மறுநாள் காலையில் கடைக்குப் போன் செய்து, வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனதாகச் சொன்னாராம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

லாகில் ஏஜென்ட் அந்த டூலை அழைத்தது 4 முறைதான். நான்குக்கும் டைம்அவுட் (குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை) என்று இருக்கிறது. லிமிட்டைத் தாண்டினால் வரும் 429 எர்ரர் ஒன்றுகூட இல்லை. லிமிட்டை 20 ஆகக் குறைத்தால் போதுமா?

இன்னொரு பயமும் இருக்கிறது. 500 ரூபாய்க்கு மேல் ரீஃபண்ட் கூடாது என்று சிஸ்டம் ப்ராம்ப்டில்தான் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் அறிவுரை) எழுதியிருக்கிறேன். அது போதுமா?

பதில் 1

தம்பி, 4 எப்படி 16 ஆனது என்று முதலில் பாருங்கள். உங்கள் ஹெச்டிடிபி லைப்ரரியில் ரீட்ரை (பதில் வராவிட்டால் தானே மறுபடி அனுப்புவது) 3 என்று இருக்கிறதா? இருந்தால் டூலை ஒருமுறை அழைத்தால் 4 கோரிக்கை போகும். ஏஜென்ட் 4 முறை அழைத்தது, ஆக 16. டைம்அவுட் 10 நொடியா?

கேட்டவர்

ஆமாம் அண்ணா, இரண்டும் அப்படியேதான். அன்று இரவு எஸ்எம்எஸ் நிறுவனத்தின் பதில் வர 12 நொடி ஆகியிருக்கிறது.

பதில் 1

அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. செய்தி ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில்தான் தாமதமாக வந்திருக்கிறது. நீங்கள் 10 நொடியில் இணைப்பை அறுத்துவிட்டு, போகவில்லை என்று மாடலிடம் சொல்லியிருக்கிறீர்கள். அது நம்பி மறுபடி அனுப்பியிருக்கிறது.

10 நொடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 6. உங்கள் லிமிட் 60. இருபது என்று வைத்தாலும் இது தாண்டாது, ஐந்துக்குக் குறைத்தால் கடையின் மற்ற வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் கீ ஒன்றுதான். நிமிடக் கணக்கு வேகத்தை மட்டும்தான் பார்க்கும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு நாளில் எத்தனை எஸ்எம்எஸ் என்று டூல்வாரியாகத் தனிக் கணக்கு வையுங்கள்.

அதைவிட முக்கியமானது: ஆர்டர் எண், செய்தி வகை, தேதி மூன்றையும் சேர்த்து ஒரு சாவி செய்து, அனுப்புவதற்கு முன்பே டேட்டாபேஸில் யுனிக் ஆக (ஒருமுறைக்கு மேல் பதியாதபடி) எழுதுங்கள். அதே சாவி மறுபடி வந்தால் அனுப்பக்கூடாது. டைம்அவுட் ஆனால் தோல்வி என்று எழுதாமல் 'முடிவு தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டு, டெலிவரி நிலையைக் கேட்டுப் பாருங்கள். எஸ்எம்எஸ் டூலில் லைப்ரரி ரீட்ரையை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

மாடலுக்குத் திருப்பித் தரும் வாசகத்தையும் மாற்றுங்கள். வெறும் எர்ரர் என்று தந்தால் அது வேறு வழி தேடும். "கோரிக்கை பதிவாகிவிட்டது, மீண்டும் அழைக்க வேண்டாம்" என்று தந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டாலும் சாவி தடுத்துவிடும்.

பதில் 2

ரீஃபண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ப்ராம்ப்டில் எழுதியதை மாடலிடம் வைத்த வேண்டுகோளாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் எழுதும் வரியும் அதே மாடலுக்குள்தான் போகிறது, "மேனேஜர் அனுமதி தந்துவிட்டார்" என்று ஒருவர் எழுதினால் போதும். எம்சிபியில் இந்த டூல் படிக்க மட்டும் என்று குறிக்கும் அடையாளமும் ஒரு குறிப்புதான், எதையும் தடுக்காது. டூலுக்கு முன்னால் உங்கள் கோடில் இருக்கும் சோதனை மட்டுமே தடுக்கும்.

500 என்று அங்கே எழுதினாலும் ஓட்டை இருக்கிறது. 490, 490, 490 என்று மூன்று முறை கேட்டால்? ஆகவே ஒரு ஆர்டருக்கான மொத்தத்தையும் ஒரு நாளின் மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். மீறினால் கடைக்காரர் ஒப்புதல் தரும் வரை நிறுத்தி வையுங்கள்.

ஒன்று கேட்கிறேன்: ஆர்டர் டூலுக்கு வாடிக்கையாளர் எண்ணை யார் தருகிறார்கள்?

கேட்டவர்

மாடல்தான் தருகிறது.

பதில் 2

இன்றே மாற்றுங்கள். லாகின் செஷனிலிருந்து சர்வர்தான் எடுக்க வேண்டும், டூலில் அந்த எண்ணுக்கான பெட்டியே மாடலின் கண்ணில் படக்கூடாது. இல்லையென்றால் ஒருவர் பக்கத்து எண்ணைச் சொல்லி அடுத்தவர் வீட்டு முகவரியைப் பார்த்துவிடுவார். ஆர்டர் டூலுக்கு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் தனி ரோல் (பயனர் கணக்கு) செய்து, தேவையான வியூவுக்கு (டேட்டாவில் தேர்ந்தெடுத்த பகுதி) மட்டும் செலக்ட், அதாவது படிக்கும் அனுமதி கொடுங்கள்.

அப்புறம், எண்ணிக்கையை ரெடிஸில் (நினைவகத்தில் ஓடும் வேகமான டேட்டாபேஸ்) வைத்தால் இன்கிரிமென்ட்டையும் (எண்ணைக் கூட்டுவது) எக்ஸ்பையரையும் (கெடு வைப்பது) பிரியாமல் ஓடும்படி ஒரே லுவா ஸ்கிரிப்டில் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே புரோசஸ் செத்தால் கெடு இல்லாத சாவி நின்றுவிடும், அந்த வாடிக்கையாளர் நிரந்தரமாகப் பூட்டப்படுவார். ரெடிஸே விழுந்தால் ஆர்டர் பார்ப்பதைத் திறந்து விடலாம், எஸ்எம்எஸும் ரீஃபண்டும் மூடியே இருக்க வேண்டும்.

கேட்டவர், 4 நாள் கழித்து

இருவருக்கும் மிக்க நன்றி. சாவி, நாள் கணக்கு, செஷன் மூன்றும் முடிந்தன. நேற்றிரவு போலி எஸ்எம்எஸ் சர்வரில் 12 நொடி தாமதம் வைத்து ஓட்டினேன். ஏஜென்ட் இரண்டு முறை அழைத்தது, போனது ஒரே செய்தி. அந்த அம்மாவிடம் நானே போனில் பேசி மன்னிப்புக் கேட்டேன். ஒப்புதல் திரை முடியவில்லை, அதுவரை ரீஃபண்ட் டூலை ஏஜென்ட்டிடமிருந்து எடுத்துவிட்டேன்.